தோற்றவர் வீட்டு விருந்து

"அண்ணே, இன்னும் ரெண்டு வாரம் சுட்டீங்கன்னா டப்பாவுக்கு முன்னாடி உங்க துப்பாக்கிதான் உடையும்!" என்றான் டென்வர்.

மூடிப்போன அந்தக் கல்குவாரியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஹோபர்ட் சிரிக்கவில்லை. எழுபத்தொரு வயது, முப்பது வருடம் நிலக்கரி வெட்டிய கை. அந்தக் கையில் இருந்த ரிவால்வரின் கைப்பிடியில் விரிசல். அதன் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"நூத்து முப்பது டாலருக்கு பீரங்கியா குடுப்பான்? சுட்டா சுடுது. அது போதும்" என்றார்.

"சுடுது, சரி. எங்க சுடுதுன்னுதான் யாருக்கும் தெரியல!"

சனிக்கிழமை ஆட்டத்தின் விதி எளியது. ஆளுக்கு ஒரு பலகை, பலகைக்கு ஆறு டப்பா, ஆறு குண்டு. யார் குறைவாக விழுத்துகிறாரோ, அவர் மறுநாள் சர்ச் முடிந்ததும் எல்லோருக்கும் தன் வீட்டில் சாப்பாடு போட வேண்டும். இந்தக் கோடையில் ஹோபர்ட் தொடர்ந்து ஏழு வாரம் தோற்றிருந்தார். மனைவி வில்மா இருந்தவரை காபிகூடப் போட்டறியாத மனிதர், தோற்றுத் தோற்றே கோழி பொரிக்கவும் சோள ரொட்டி சுடவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

"எனக்கே பாவமா இருக்கு" என்றாள் இமோஜீன். அந்தக் கூட்டத்தில் குறி தப்பாதவள் அவள்தான். "இன்னியோட இந்தச் சாப்பாட்டு விதியைத் தூக்கிப் போட்ருவோம். தோத்தவங்க ஆளுக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்தா போதும்."

ஹோபர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு கேட்டா உன் பாவத்தை? விதின்னா விதி. ஏழு வாரம் நான் சமைச்சேன்ல? இன்னிக்கு நீ தோத்தா நீயும் சமைக்கணும். பாதியில மாத்தினா அதுக்குப் பேரு ஆட்டமா?"

"ரோஷத்தைப் பாரு மனுஷனுக்கு!" என்றார் அவள் கணவர் லோவெல்.

டென்வர் தன் இடுப்பிலிருந்து பளபளக்கும் ரிவால்வரை எடுத்து நீட்டினான். ஆயிரம் டாலர் பொருள். "சரிண்ணே, சண்டை வேணாம். இதுல சுடுங்க. இதுல சுட்டா குருடனுக்கும் குறி தப்பாது."

"என் கை, என் துப்பாக்கி. உன்னோடதை உள்ள வை."

"பிடிவாதம்!"

"ஆமா, பிடிவாதந்தான். தினமும் காலையில அம்பது குண்டு சுட்டுப் பழகுறேன். நேத்து மழையிலயும் விடல. சும்மாவா?"

"அந்த அம்பதும் எங்கண்ணே போச்சு?"

"நெனச்ச இடத்துக்கு."

மறுபடியும் சிரிப்பு.

இமோஜீன் ஆறு டப்பாவையும் விழுத்தினாள். டென்வரும் மற்ற மூன்று பேரும் ஆளுக்கு நாலு. லோவெலுக்கு மூன்றுதான் விழுந்தது. அவர் கவலையோடு ஹோபர்ட்டைப் பார்த்தார். "நீங்க நாலு விழுத்தினா நாளைக்கு என் தலையிலதான் விடியும். எனக்கு முட்டைகூட அவிக்கத் தெரியாதே!"

ஹோபர்ட் குண்டுகளை ஒவ்வொன்றாக உருளையில் நுழைத்தார். காலை அகட்டி நின்றார். கட்டைவிரலால் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினார்.

டப்பா அசையவில்லை.

இரண்டாவது. அசையவில்லை. மூன்றாவதற்கு லோவெல் பெருமூச்சு விட்டார். நான்காவதற்கு டென்வர் சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஹோபர்ட்டின் நெற்றியில் வியர்வை ஓடியது. ஒவ்வொரு முறையும் அதே நிதானம், அதே அடக்கிய மூச்சு. இவ்வளவு பாடுபடும் மனிதருக்கு ஒன்றாவது விழக் கூடாதா என்று இருந்தது டென்வருக்கு.

ஆறும் முடிந்தது. ஆறு டப்பாவும் வைத்தது வைத்தபடி நின்றன.

"எட்டாவது தடவை!" என்று ஹோபர்ட் துப்பாக்கியை உதறினார். "பாழாய்ப்போன துப்பாக்கி! சரி, நாளைக்கு என் வீடு. பன்னிரண்டு மணி. ஒருத்தரும் வராம இருந்துடாதீங்க. லோவெல், உங்களுக்குத் தொடையா, நெஞ்சுக்கறியா? இமோஜீன், உன் தங்கச்சி ஊர்லேர்ந்து வந்திருக்காளாமே, அவளையும் கூட்டிட்டு வா. எட்டு நாற்காலியும் போட்டு வைக்கிறேன்."

தோற்றவர்தான் டப்பா பொறுக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் ஹோபர்ட் யாருக்கு என்ன பிடிக்கும் என்று விசாரிப்பதில் மும்முரமாக இருந்தார். தூறலும் ஆரம்பித்துவிட்டது. பாவம், நாமே பொறுக்கிவிடுவோம் என்று டென்வர் ஹோபர்ட்டின் பலகையை நோக்கி நடந்தான்.

முதல் டப்பாவை எடுக்கப்போன கை அப்படியே நின்றது.

பின்னால் அடுக்கியிருந்த பழைய தண்டவாளக் கட்டையில் புதிதாக விழுந்த ஓட்டைகள் வெளுப்பாகத் தெரிந்தன. முதல் டப்பாவுக்கு இடப்பக்கம் ஒரு விரல் தள்ளி ஒன்று. இரண்டாவதுக்கு வலப்பக்கம் ஒரு விரல் தள்ளி ஒன்று. மூன்றாவதுக்கு இடம், நாலாவதுக்கு வலம், ஐந்தாவதுக்கு இடம், ஆறாவதுக்கு வலம். ஆறும் ஒரே உயரத்தில், நூல் பிடித்து வைத்தது போல.

டென்வர் திரும்பிப் பார்த்தான். ஹோபர்ட்டின் பிள்ளைகள் எங்கோ தூரத்தில், ஒஹையோவில். வாரம் முழுக்க யாரும் கதவைத் தட்டாத வீடு. அந்த வீட்டுக்காரர் தூறலில் நனைந்தபடி, வரப்போகும் ஏழு பேருக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அவன் குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி, ஆறு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பூசி அடைத்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "அண்ணே, அந்தத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு நீங்க இந்த ஜென்மத்துல ஜெயிக்க மாட்டீங்க!"