வரிசை கலையாத கழுதைகள்

பட்டாளத்தில் குண்டு சுமந்த கழுதை ஒன்று, அப்பா இறந்ததும் ஊர் திரும்பி, குடும்பத்தின் உப்புத் தொழிலுக்குத் தலைமை ஏற்றது.

"வரிசை கலையக் கூடாது. வழியில் பேச்சும் கூடாது" என்று தம்பி தங்கைகளிடம் சொன்னது.

"அண்ணே, நாம சுமக்கிறது உப்பு, வெடிகுண்டு இல்லை" என்று சிரித்தது கடைசித் தம்பி.

"பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் எதிரி என் கூட்டாளிகளைச் சுட்டான். உங்களையும் இழக்க மாட்டேன்."

அதன்பின் யாரும் பேசவில்லை. வியாபாரம் பெருகியது.

ஒரு கோடையில் மேடேறி முடித்த அண்ணன் திரும்பிப் பார்த்தது. வரிசையின் கடைசியில் தம்பி இல்லை. கீழே சரிவில், உப்பு மூட்டைக்கு அடியில் அசைவற்றுக் கிடந்தது.

"விழுந்த சத்தம் கேட்டிருக்குமே! ஏன் சொல்லவில்லை?" என்று அண்ணன் கதறியது.

எல்லாக் கழுதைகளும் நேராக நின்றன.

"பேசுங்களேன்!"

தங்கை மட்டும் மெல்லக் கேட்டது: "அவனைத் தூக்கணும் அண்ணே. வரிசையை விட்டு விலகலாமா?"