வடக்குச் சுவரோரம்

"சும்மாவா கேட்டோம்? விலைக்குத்தானே கேட்டோம். அந்த மனுசனுக்கு மதம் கண்ணை மறைக்குது டீச்சர்" என்றார் கோயில் சீரமைப்புக் கமிட்டிச் செயலாளர் பங்கிராஸ்.

பிரகாசி டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர் மணியன் வீட்டுக்குக் கிளம்பினார்.

பரமத்தி வேலூர் பக்கத்து மாதா கோயில் அது. நூற்று முப்பது வருசம் பழசு. ஓடு சரிந்து, மழை பீடம் வரைக்கும் ஒழுகியது. இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டீச்சர்தான் விடவில்லை.

"இங்கதான் எனக்குத் தாலி கட்டுனாரு. அவருக்குக் கடைசிப் பூசையும் இங்கதான் வெச்சோம். இடிக்க விட மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எழுபது வயசில் ரசீதுப் புத்தகத்தோடு நாமக்கல்லுக்கும் கரூருக்கும் பஸ் ஏறினார். பழைய மாணவர்கள் கொடுத்தார்கள். மரக்கடை மொய்தீன் பாய் லாபம் வைக்காமல் உத்திரக் கட்டைகளை அனுப்பினார். இரண்டு வருச அலைச்சலில் கூரை ஏறிவிட்டது.

வடக்குச் சுவர்தான் பாக்கி. வெளிப்பக்கமாகச் சாய்கிறது. வெளியே ஆறடி அகலத்துக்கு அஸ்திவாரம் தோண்டி முட்டுச்சுவர் எழுப்பினால்தான் நிற்கும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அந்த ஆறடி, மணியனுடைய வாழைத் தோட்டத்தில் இருக்கிறது.

மூன்று தடவை ஆள் போய்க் கேட்டாயிற்று. மணியனிடம் ஒரே பதில்தான். "அது மட்டும் ஆகாதுங்க."

டீச்சரைக் கண்டதும் மணியன் கட்டிலை விட்டு எழுந்தார். அவருக்கும் எழுபதுக்கு மேல்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. சௌந்திரம், டீச்சருக்கு மோர் கொண்டா."

"மோரெல்லாம் வேண்டாங்க. அந்த இடத்தைப் பத்திப் பேச வந்தேன்."

மணியன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "கோயிலுக்குப் பணமாத் தாரேனுங்க. ரசீதுகூட வேண்டாம்."

"உங்க பணம் வேண்டாம். தோட்டம் பூரா வாழை போட்டிருக்கீங்க. சுவரோரம் மட்டும் ஒரு கன்னுகூட வெக்கல, புல்லு மண்டிக் கெடக்குது. உங்களுக்கும் ஆகாம எங்களுக்கும் ஆகாம எதுக்குங்க அது?"

மணியன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

"எங்க கோயில் விழணும்னு பாக்கறீங்க. அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லாதீங்க சாமி."

"வேற எப்படிச் சொல்ல? நாளைக்குக் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கறோம். எப்படியாவது அந்த இடத்தை வாங்காம விடமாட்டேன். வாங்குன அன்னிக்கு மொதக் கடப்பாரையை நானே போடுவேன்."

மோர்ச் சொம்போடு வந்த சௌந்திரம் அப்படியே நின்றுவிட்டாள். புருசனைப் பார்த்தாள்.

"சொல்லிப் போடுங்க" என்றாள் மெதுவாக. "அவங்க கையாலயே தோண்ட விட்டோம்னா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடாது."

மணியன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க ஊட்டுக்காரரு மிக்கேலண்ணனுக்கு வாக்குக் குடுத்திருந்தேனுங்க. அவரு போயி நாலு வருசமாச்சு. இருந்தாலும் குடுத்த வாக்காச்சேன்னு வாயத் தொறக்கல."

"என்ன வாக்கு?"

"உங்களுக்கு மொதப் பொறந்த பிள்ளை..."

டீச்சர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வருசமாக யாரும் அவரிடம் எடுக்காத பேச்சு. சேலம் ஆஸ்பத்திரியில் பிறக்கும்போதே குழந்தைக்கு மூச்சில்லை. அவருக்கு மயக்கம் தெளிந்தபோது தொட்டில் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றார் மிக்கேல். எங்கே என்று கேட்கக்கூட அன்றைக்குத் தெம்பில்லை.

"துண்டுல சுத்தி, மடியில வெச்சு, தூங்கற பிள்ளையாட்டம் பஸ்ஸுல கொண்டாந்தாருங்க. கல்லறைத் தோட்டத்துல ஒரு மொழம் எடம் கேட்டாரு. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை, உள்ள பொதைக்கறதுக்கில்லைன்னுட்டாரு அப்ப இருந்த சாமியார். கமிட்டிக்காரங்களும் ஆமான்னாங்க. பொழுது எறங்கற நேரம். நான் வாழைக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தேன். மிக்கேலண்ணன் சுவரோரமா வந்து நின்னு அழுதாரு. கோயிலுக்குள்ள இல்லைன்னாலும் கோயிலை ஒட்டியாவது இருக்கட்டும் மணியான்னாரு. ரெண்டு பேருமாத்தான் தோண்டுனோம்."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்கப்புறம் அதே மாதிரி மத்த ஊடுகள்ல இருந்து இன்னும் நாலு பிள்ளைக வந்துச்சுங்க. எல்லாம் அங்கதான் கெடக்குதுக. அன்னிக்கிருந்து அந்தப் பக்கம் ஏர் வெக்கல."

"என்கிட்ட எதுக்குங்க மறைச்சாரு?"

"தெரிஞ்சா நீங்க அந்தக் கோயில் படி மிதிக்க மாட்டீங்கன்னாரு. பிள்ளையும் போயி சாமியும் போயிட்டா, அவ எதைப் புடிச்சுக்கிட்டுப் பொழைப்பா மணியான்னு கேட்டாருங்க."

டீச்சர் எழுந்தார். வாழைகளுக்கு நடுவே மணியன் முன்னால் நடக்க, பின்னாலேயே போனார். மணியன் கை காட்டிய இடத்தில் புல்லின் மேல் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தார். இரண்டு வருசமாக ஊர் ஊராய்க் கையேந்திக் காப்பாற்றிய சுவர் தலைக்கு மேல் சாய்ந்து நின்றது.

மணியன் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, டீச்சரைத் தேடி வந்த பங்கிராஸ் சுவர் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இங்க வந்து உக்காந்துட்டீங்க? அந்த மனுசன் இடம் குடுக்க மாட்டேன்னுட்டாரா?"

டீச்சர் கையை எடுக்கவில்லை.

"அவரு நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாலயே குடுத்துட்டாரு பங்கிராஸ். குடுக்காதது நாமதான்."