திறந்து விட்டவன்

ஒரு செல்லுக்குள்ள திறப்பான்னு ஒரு புரதம் இருந்துச்சு. செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏவை நகல் எடுக்கணும்ல? அதுக்குப் பூட்டைத் திறந்து விடறது இவன் வேலை.

அன்னிக்கும் திறந்தான். நகல் எடுக்கறவங்க திபுதிபுன்னு உள்ள ஓடினாங்க. திறப்பான் இல்லாத மீசைய முறுக்கிக்கிட்டு நின்னான். ஒட்டின்னு இன்னொரு புரதம் பின்னாடி வந்து அவன் முதுகுல எதையோ ஒட்டினான்.

"என்னண்ணே, பொன்னாடையா?"

"அரவை மிஷினுக்குப் போற சீட்டு மாப்ளே."

திறப்பான் முறுக்கின மீசைய விட்டுட்டான். "நான் ஒழுங்காத்தானேண்ணே திறந்தேன்!"

"அதான் வம்பே. உன் கை சும்மா இருக்காது, மறுபடி திறப்ப. ஒரே டிஎன்ஏவ ரெண்டு தடவ நகல் எடுத்தா செல்லே நாசமாப் போயிரும்."

"ஒரு மூலையில கையக் கட்டிக்கிட்டுக் கெடக்கறேண்ணே!"

"எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க"ன்னு ஒட்டி அவன் முதுகுல இன்னொரு சீட்டையும் ஒட்டினான்.

அரவை மிஷினு நறநறன்னு திறப்பானைத் துண்டு துண்டாக்கிருச்சு. நகல் ஒரு பிசிறில்லாம முடிஞ்சுது. எல்லாரும் நகல் எடுத்தவங்களத்தான் பாராட்டினாங்க.

அடுத்த தடவைக்கு அந்தத் துண்டுகளையே கோத்துப் புதுத் திறப்பானைச் செஞ்சாங்க. அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "எனக்கு முன்னாடி இந்த வேலைய யாருண்ணே பாத்தா?"ன்னு கேட்டான்.

"யாருமில்ல மாப்ளே, நீதான் மொத ஆளு"ன்னான் ஒட்டி.