பாலை விசாரிக்கும் குரல்

நாவலூர் அலுவலகத்தின் ஏழாவது மாடிக் கூட்ட அறையில் மாலை வெயில் மேசைமேல் கோடுகோடாக விழுந்திருக்கிறது. மேலாளர் மடிக்கணினியைத் தட்ட, ஒலிபெருக்கியில் ஒரு பெண்மணி, "இன்னாம்மா கம்பெனி இது? ரெண்டு நாளா ஃபிரிட்ஜ் ஓடல!" என்று பொரிந்து தள்ளுகிறாள். "அடடா, பால் கெட்டுப்போச்சாம்மா?" என்கிறது இயந்திரக் குரல். பெண்மணி தணிந்துவிடுகிறாள். அறை கைதட்டுகிறது. சிநேகாவும் தட்டுகிறாள். மாடல் எண்ணைக் கேட்கும் முன் பாலை விசாரிப்பது அவள் வழக்கம். இந்த ஃபிரிட்ஜ் கம்பெனியின் உதவி மையத்தில் நான்கு வருடம் அழைப்புகளை எடுத்துத் திட்டு வாங்கி அவளே கண்டுபிடித்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மட்டுமே சொல்லத் தெரிந்திருந்த இயந்திரம் பிறகு பேசக் கற்றது. இப்போது பாலையும் விசாரிக்கிறது. திங்கட்கிழமை முதல் எல்லா அழைப்புகளையும் அதுவே எடுக்கும். சிநேகாவுக்கும் இன்னும் ஒன்பது பேருக்கும் வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"உன் வூட்டுக்காரரு உன்ன அப்படியே மெஷின்ல ஊத்திட்டாருடி," என்று பின்னாலிருந்து உடன் வேலை செய்யும் சுஜாதா குத்துகிறாள். சிநேகாவின் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவள் கணவன் பூபாலன்தான் இயந்திரத்தைப் பழக்க அழைப்புப் பதிவுகளைப் பொறுக்கிக் கொடுத்தவன். "உன்னுதுதான் சூப்பரா இருந்துச்சு. மேல இருக்கறவங்களுக்கு உன் பேரு தெரியட்டும்னு குடுத்தேன்," என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"திருத்தம் ஏதாவது இருக்கா?" என்று மேலாளர் கேட்கிறார். எல்லோரும் சிநேகாவைப் பார்க்கிறார்கள். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடுகிறாள்.

"'அடடா'ன்னு சொன்னதும் ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் பாலைக் கேக்கணும், சார். அப்பதான் நெசமாலுமே வருத்தப்பட்ட மாதிரி இருக்கும்."

பூபாலன் அதையும் குறித்துக்கொள்கிறான்.