நாலாவது முகம்

“அங்க பெத்தவன் கூண்டுல நிக்கிறான். இங்க புள்ள செல்போன்ல ஆட்டம் ஆடிக்கினு கீறான். வெக்கமா இல்ல உனக்கு?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள் பார்வதம். தம்பி இளங்கோவின் வழக்கில் இன்று தீர்ப்பு. திருமுல்லைவாயிலிலிருந்து ரெண்டு பஸ் மாறி நூம்பலுக்கு ஓடி வந்தவளுக்கு, தம்பி மகன் கிரண் கட்டிலில் கிடந்து போனை நோண்டுவதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா எங்கடா?”

“அப்பாகூட பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போயிருக்கு. என்னை வராதன்னுட்டாரு அப்பா.”

“வந்தா மட்டும் கிழிச்சிடப் போறியா?”

இளங்கோவுக்குத் தண்ணீர் கேன் வியாபாரம். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாகப் போடுவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டி மோதி, ரோட்டைக் கடந்த ஒரு கொத்தனார் செத்துப்போனார். இளங்கோ தானே வண்டியோடு ஸ்டேஷனுக்குப் போய், “நான்தான்” என்று நின்றான்.

பார்வதம் அதை இன்றுவரை நம்பவில்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவன் ஆளையா அடிப்பான்? எவனோ லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், பழி இந்த வாயில்லாப் பூச்சி தலையில் விழுந்திருக்கிறது. இதுதான் அவள் கட்சி.

“அவன் மட்டும் என் கையில கெடச்சான்னு வெய்யி, மயிரைப் புடிச்சி இழுத்துகினு போயி ஜட்ஜ் ஐயா முன்னாடி நிறுத்துவேன்!”

இதைச் சொல்லாமல் இந்த வீட்டில் அவள் ஒரு காபி குடித்ததில்லை. இப்போதும் சொன்னாள். கிரண் தலையைத் தூக்கவே இல்லை.

“கேக்குறேன் இல்ல? அப்படி இன்னாடா கேமு அது?”

“கோர்ட்டு கேம் அத்தே. நாமதான் வக்கீல். தப்பே பண்ணாதவன் மேல கேஸ் போட்டிருப்பாங்க. சாட்சிங்க சொல்ற பொய்யைக் கண்டுபுடிச்சி அவனை வெளிய கொண்டாரணும்.”

பார்வதத்துக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். தொப்பி போட்ட ஒரு பொம்மை மனிதன் கூண்டில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

“ஐயோ பாவம், நம்ம இளங்கோ மாதிரியே நிக்கிறான் பாரு. தப்பிச்சிடுவானா?”

“தெரியல. மூணு மாசமா அங்கயேதான் நிக்கிறான்.”

“ஏன்?”

“கடைசில, நெஜமாப் பண்ணது யாருன்னு நாமளே தொட்டுக் காட்டணும். அது வந்ததும் நான் மூடிடுவேன். மறுபடி மொதல்லேர்ந்து ஆடுவேன்.”

திரையில் வரிசையாக நாலு முகங்கள் வந்து நின்றன.

“யாருன்னு தெரியலையா?”

“தெரியும்.” நாலாவது முகத்தைக் காட்டினான் கிரண். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன்.

“தெரிஞ்சிகினே அந்த மனுசனைக் கூண்டுல நிக்க வெச்சிகினு கீறியா? பாவி! குடு இங்க!”

போனைப் பிடுங்கி, நாலாவது முகத்தின் மேல் நறுக்கென்று விரலை வைத்தாள். மேளம் முழங்கியது. அந்தப் பையனுக்கு வேர்த்தது, உடம்பு நடுங்கியது, கடைசியில் ஓவென்று அழுது ஒப்புக்கொண்டான். தொப்பிக்காரன் கூண்டைவிட்டு இறங்கி வந்தான்.

பார்வதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைத் தட்டினாள்.

“மாட்னான் பாரு! இப்படித்தாண்டா மாட்டணும்!”

பக்கத்திலிருந்தும் அழுகைச் சத்தம் கேட்டது. திரும்பினாள். கிரண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

“அத்தே, வண்டி ஓட்டுனது நான்தான்.”

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

“அன்னிக்கி அப்பாவுக்கு ஜுரம். லைசென்ஸ் இல்லாம நான்தான் கேன் போடப் போனேன். அடிச்சிட்டு, பயந்துபோயி ஊட்டுக்கு ஓட்டிகினு வந்துட்டேன். அப்பா சாவியை வாங்கிகினாரு. ‘உனக்குப் போலீஸ் வேலை வர்ற நேரம், வாயைத் தொறக்காத’ன்னு அம்மா தலையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாரு.”

 

கிரண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“என்னால முடியல அத்தே. மூணு மணிக்குத்தான் தீர்ப்பு. இப்ப கெளம்புனா போயிடலாம். நீயும் வா. நீதானே ஜட்ஜ் ஐயா முன்னாடி நிறுத்துவேன்னு சொல்வே?”

தம்பி விடுதலையாக வேண்டுமென்று இந்த ரெண்டு வருஷத்தில் அவள் வேண்டாத சாமி இல்லை. இதோ, சாமி கண்ணைத் திறந்துவிட்டது. பையன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான் பாக்கி.

எழுந்து வாசலுக்கு நடந்தாள். கிரணும் பின்னாலேயே வந்தான்.

பார்வதம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து, “இளங்கோ, என் ராசா” என்று வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த போனை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள்.

“அன்னிக்கி நீ வண்டியே எடுக்கல. ஊட்லதான் இருந்தே. கேம் ஆடிக்கினு இருந்தே. உக்காரு. ஆடு.”