நம்பகமான தலைமை

அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேரலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும்படி மேலாளர் ஜெபராஜ் பூங்கோதையிடம் கேட்டார். முன்பு அங்கேதான் வேலை பார்த்தாள். அதன் முதலாளி தனியறையில் இடுப்பைப் பிடித்த அன்றே வேலையை உதறிவிட்டு வந்தாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை. எழுத மறுத்தால் காரணம் கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, நேர்மையான நிறுவனம், நம்பகமான தலைமை என்றெல்லாம் எழுதிக் கொடுத்தாள். குழு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டது.

மறுநாள் ஜெபராஜ் சிரித்துக்கொண்டே வந்தார். “பிரமாதமா எழுதியிருந்தீங்கம்மா! இனி நம்ம சார்பா நீங்கதான் அங்க போய் உக்காரணும். அந்த முதலாளியே உங்க பேரைச் சொல்லிக் கேட்டார்.”

“சார், நான்...” என்று எழுந்தாள் பூங்கோதை.

“நன்றியெல்லாம் எதுக்கும்மா? உங்க எழுத்துக்குக் கிடைச்ச மரியாதை இது” என்றார் அவர்.