கருத்து நடந்து வருகிறது

பாதசாரிகள் சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரியலாம் என்று மக்களையே கேட்டுவிட முடிவு செய்த நகராட்சி, மண்டபம் பிடித்து ஆளுக்கொரு சமோசாவும் கொடுத்தது. மைக்குக்கு வந்துதான் கருத்துச் சொல்ல வேண்டும். நேரம் மீறினால் பொறியாளர் நவநீதன் கைமணியை ஆட்டுவார். "இப்ப எரியிறதே ஜாஸ்தி சார், குறைங்க" என்று ஜவுளிக்கடை முதலாளி மணிக்கு முன்பே முடித்துக் கைத்தட்டல் வாங்கினார்.

அடுத்து அமலோற்பவத்தின் முறை. அவள் எழவில்லை. பக்கத்திலிருந்த கணவர் சேவியரின் தோளைத் தொட்டு, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். பக்கவாதம் வந்தபின் அவருக்குப் பேச்சில்லை. வீட்டுக்கு எதிர்ச்சாரி டீக்கடையில் சிநேகிதர்கள் அவருக்கும் சேர்த்துப் பேசுவார்கள். சிக்னல் வைத்ததிலிருந்து அங்கும் போக முடியவில்லை. பாதிச் சாலையிலேயே விளக்கு சிவந்துவிடுகிறது.

சேவியர் கடைசி வரிசையிலிருந்து தடியூன்றிப் புறப்பட்டார். ஓரடி வைத்தார். நின்றார். இன்னோரடி வைத்தார்.

"ஐயா அங்கிருந்தே சொல்லட்டும்மா" என்றார் நவநீதன்.

"சொல்லிக்கிட்டுதான் சார் இருக்காரு."

பாதி வழியில் அவர் செருப்பு கழன்றது. ஜவுளிக்கடை முதலாளி குனிந்து மாட்டிவிட்டார். ஒருவழியாக மைக்கைப் பிடித்து சேவியர் மூச்சு வாங்கியது மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு திரும்பி நடக்கத் தொடங்கினார். டீக்கடைக்குப் போனால் வீட்டுக்கும் வர வேண்டுமல்லவா?

தவறிக்கூட ஒலித்துவிடாதபடி நவநீதன் மணியின் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருப்பதை அமலோற்பவம் பார்த்தாள்.